மும்தாஸ் கலக்கிய அளவு மாவு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். இந்தக் குழுவில் எல்லோருடைய பதிவுகளுக்கும் ஒரு பூ மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம்பு எண்ணெய் வாசனை. பாளையங்கோட்டையில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன பல் ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் அடிக்கும். அந்த எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்துத்தான் சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைப்போம். நிரந்தரமாக அடைக்க வெள்ளிப் பொடியும் பாதரசமும். சின்ன உரலில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிய வேண்டும். பல் நிறத்திலேயே அடைத்து நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பதெல்லாம் அப்போது வசதியானவர்களுக்கு மட்டும்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பரீட்சை எழுதி கவர்மெண்ட் வேலை கிடைக்கும்வரை என்று உதவியாளராகச் சேர்ந்தேன்.

எனக்கு முன்பே அங்கே மும்தாஸ் இருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், பத்தாவது வரை படித்தவள். என் வயதுதான்.

பல் செட் கட்ட அளவு எடுப்பதற்கு இளஞ்சிவப்பாக ஒரு பொடி உண்டு, அல்ஜினேட். நாங்கள் அளவு மாவு என்போம். ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு முக்கால் நிமிடத்துக்குள் கலக்கியாக வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கலக்கும்போதே இறுகிவிடும். மும்தாஸ் ஃப்ரிட்ஜில் தனியாக ஒரு பாட்டில் வைத்திருப்பாள். வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கலக்குவாள். வெண்ணெய் மாதிரி வரும். ஒரு குமிழ் இருக்காது.

நான் கலக்கினால் குமிழ்தான் இருக்கும்.

அந்தப் பொடி ஏன் இறுகுகிறது, அதில் கால்சியத்துக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆனால் டாக்டர், "மும்தாஸ், நீ வா" என்றுதான் கூப்பிடுவார். நோயாளிகள்கூட அந்த மேலப்பாளையத்துப் பிள்ளை இல்லையா என்று என்னைப் பார்த்தே கேட்பார்கள். பட்டம் வாங்கியவள் வாஷ்பேசினில் கண்ணாடியும் கொக்கியும் கழுவிக்கொண்டிருப்பேன். எரியும்... வெளியே சிரிப்பேன்.

ஒருநாள் ஜெபமணி டீச்சர் வந்தார்கள். மேல் வரிசையில் முன்பற்கள் நான்கு இல்லை. பத்து நாளில் மகளுக்குக் கல்யாணம். மும்தாஸ் கலக்கித் தர, டாக்டர் அளவு எடுத்தார். அச்சு அழகாக விழுந்தது. டாக்டரே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கை இருக்கு பாரு இவளுக்கு" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

அன்று மும்தாஸின் காக்கா, அதாவது அவள் அண்ணன், துபாய்க்குக் கிளம்புகிறார், வழியனுப்ப அவள் சீக்கிரம் போக வேண்டும். "செல்வி, ஈரப்பஞ்சு போட்டு மூடிரு பிள்ள. சூட்டோட சூடா கல்லு மாவும் ஊத்திரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கல்மாவு என்றால் அச்சுக்குள் ஊற்றிப் பல்லின் மாதிரி எடுக்கும் கெட்டி மாவு. அதை ஊற்றும்வரை அளவெடுத்த அச்சு காயக்கூடாது. காய்ந்தால் சுருங்கும். எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது.

முதலில் கோபத்தில்தான் மூடாமல் விட்டேன். பிறகு ஃபேனுக்குக் கீழே அது இருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கல்மாவு ஊற்றினேன்.

செட் வந்தது. பொருந்தவில்லை. கல்யாணத்துக்கு இரண்டே நாள்.

"மவ கல்யாணத்துல வாய மூடிக்கிட்டே நிக்கச் சொல்லுதியளா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார்கள். சத்தமாகக்கூட இல்லை.

மும்தாஸ் என் பக்கம் திரும்பினாள். "பஞ்சு போட்டேல்லா?"

"போட்டேன்."

அவள் என்னை நம்பினாள். நம்பியதால் தன்னைச் சந்தேகப்பட்டாள். "தண்ணி கூடிருக்கும் டாக்டர்... காக்காவ வழியனுப்பப் போற அவசரத்துல ஊத்திட்டேன்" என்று அவளே சொன்னாள்.

மறுபடி அளவெடுத்து வேறு செட் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு மும்தாஸின் கை மாறிவிட்டது. தண்ணீரை இரண்டு தடவை, மூன்று தடவை அளப்பாள். அளந்து யோசிப்பதற்குள் கிண்ணத்திலேயே மாவு இறுகிவிடும். டாக்டர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டது அதுதானே... இரண்டு மாதத்தில் அவள் வேலையை விட்டு நின்றாள். கொஞ்ச நாளில், நிறம் மாறிக் காட்டும் பொடி வந்தது. கலக்க வேண்டிய நேரமும் வாயில் வைக்க வேண்டிய நேரமும் அதுவே சொல்லிவிடும். கை வராத என் போன்றவர்களுக்கென்றே செய்தது. அதை வைத்துக் கலக்கியும், "மும்தாஸ் கை வராது" என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் போன பிறகும் அவள்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை.

போன மாதம் அம்மாவைப் பல் கட்ட வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். மாவும் இல்லை, கிண்ணமும் இல்லை. பேனா மாதிரி ஒரு கேமராவை ஒரு சின்னப் பெண் வாய்க்குள் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். திரையில் அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இனி ஜிர்கோனியா என்கிற பீங்கான் கட்டியை மெஷின் குடைந்து பல்லாக்கித் தருமாம். தப்பாக விழுந்தால் என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். "அழிச்சிட்டுத் திரும்ப எடுத்துக்கிடலாம்க்கா" என்றாள்.

அந்தப் பெண்மேலும் பொறாமையாக இருந்தது.

இவ்வளவு எழுதியது ஒன்று கேட்கத்தான். குழுவில் மேலப்பாளையத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். மும்தாஸுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அவளைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைக் காட்டிவிடாதீர்கள். செல்வி வீட்டுக்கு வரட்டுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அன்று தண்ணீர் சரியாகத்தான் இருந்தது என்று அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.