நாற்காலியில் பெட்டி, தரையில் தம்பி

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சளி, சீழ், மலம் எல்லாம் குப்பி குப்பியாக என் மேசைக்கு வரும். மூடியைத் திறந்து வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு, அதே கையால் சாப்பிட்டும் விடுவேன். எனக்குக் குமட்டல் லேசில் வராது. வரவைத்தவன் என் தம்பி.

தம்பி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல வாய் வராது. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். வந்தவர் மூக்கில் அந்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பான். வயசானவர்கள் எத்தனை குழப்பினாலும் எரிந்து விழ மாட்டான். அவனிடம்தான் பார்க்க வேண்டும் என்று காத்துக் கிடக்கிறவர்கள் உண்டு. அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டுவந்தான். என்ன, மொத்தமும் பாட்டுப் பெட்டிக்கே போய்விட்டது.

ஹாலில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபையர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதில் அவனைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. சங்கீதத்துக்கு இடம் ஒன்று வலம் ஒன்று போதும், அறை முழுக்க ஸ்பீக்கர் வைக்கிறவன் ரசிகனே இல்லை என்று பீற்றிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு குறை முளைத்தது. பேஸ் கிட்டார் கீழே இறங்குகிற இடத்தில் பாட்டுக்குக் காலே இல்லையாம். அடிச் சத்தத்துக்கென்றே தனியாக ஒரு பெட்டி, சப்வூஃபர், வாங்கியே ஆக வேண்டுமாம்.

அதே ஹாலில் ஜன்னலோர மூலையில்தான் அப்பாவின் கட்டில். பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போய், எதிரே தெரியும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். எந்த டிரைவராவது வண்டியைத் தள்ளி நிறுத்தினால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். திட்டுகிறார் என்று அர்த்தம். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான்.

வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லி ஸ்பீக்கர் கடையில் இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றில் காற்றுப் போகத் துளை உண்டு, அது முழங்கும். மற்றது எல்லாப் பக்கமும் மூடியது. அடித்த அடி அங்கேயே நிற்கும், இழுக்காது. அப்பாவைக் குளிப்பாட்ட நான் போன நாளில்தான் இந்தக் கூத்து. எனக்கு முன்பே அவனுடைய ஆலோசகர் வந்து உட்கார்ந்திருந்தார். ஏதோ இணையக் குழுவில் பிடித்த ஆள். ஊருக்கே கேட்காத சத்தம் அவருக்கு மட்டும் கேட்குமாம். தம்பி மனைவி அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

துளைப் பெட்டியைப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்பாவின் மாத்திரைத் தட்டு மேசைமேல் நகர்ந்தது. அப்புறம் மூடிய பெட்டி.

"அப்பா, இது நல்லாயிருக்கா, முன்னது நல்லாயிருந்துச்சா?" என்று கேட்டான் தம்பி.

"தண்ணி" என்றார் அப்பா.

"பாத்தீங்களா சார், அப்பாவுக்கே இதுதான் பிடிச்சிருக்கு."

தண்ணீரை நான் கொடுத்தேன். வாய் துடைக்கத் துண்டைத் தேடினால், எச்சில் காய்ந்து கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. ஸ்பீக்கர் துடைக்கிற துணியோ துவைத்து மடித்துப் பூப்போல இருந்தது. அப்போதுதான் எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது.

மூடிய பெட்டி என்று முடிவாயிற்று. அதை எங்கே வைப்பது? அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டைப் போட வேண்டும். நாம் தரையில் தவழ்ந்து, சுவரோரமாகக் காதைக் கொண்டுபோக வேண்டும். எங்கே சத்தம் வீங்காமல் ஒழுங்காகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். காதுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் என் தம்பி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முட்டி போட்டான். நரைத்த தலை, தரையைத் தொடும் தொப்பை. கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்தான்.

அப்பா சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வாய் கோணச் சிரித்தார். பிள்ளை தவழ்ந்தால் எந்த அப்பன்தான் சிரிக்க மாட்டான்?

தம்பி கட்டிலுக்கு அடியில் புகுந்தான். மூத்திரக் குவளைக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு, "சார்! இங்கதான் சார்! என்னா சுத்தம்!" என்று கூவினான். வெளியே வந்தவன் அப்பாவைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தான்.

"அக்கா, பெட்டி உசரம், கட்டிலுக்கடியில நுழையாது. அப்பாவைப் பின்னாடி ரூமுக்கு மாத்திடலாமா?"

"எது, வாஷிங் மெஷின் கிடக்குதே, அதா?"

"மெஷினைத் தள்ளிப் போட்டா கட்டில் தாராளமா போகும்."

"அங்க ஜன்னல் ஏதுடா?"

"ஃபேன் இருக்குல்ல. அவருக்கும் அமைதியா இருக்கும்."

தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் சொன்னா சண்டைதான் வரும். நீங்களே கேளுங்க அண்ணி."

"வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்றேன்.

"மத்த இடத்துல எல்லாம் சத்தம் ஊதுதும்மா" என்றார் காதுக்காரர், சாவுச் சேதி சொல்வதுபோல. அவர் முகத்தில் காறித் துப்பாமல் இருந்தது என் பெருந்தன்மை.

"நீ பெட்டியை வைடா. அப்பா எங்கூட வர்றாரு."

சுருக்கென்று தைக்கும், வேண்டாம் என்பான் என்று ஒரு நப்பாசை எனக்கு. "உனக்குச் சிரமமில்லையாக்கா?" என்று கேட்டுக்கொண்டே, கட்டிலின் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் தேடப் போய்விட்டான்.

என் வீட்டு ஜன்னலில் பஸ் தெரியாது, பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அப்பா அதையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். தட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் இடது கை சும்மா இருந்தது.

சில நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். பிள்ளை குரலை அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை அருகே வைத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லு." அப்பாவைத் திரும்பக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். மனசு இளகியும் விட்டது.

"கட்டில் போனதிலேருந்து ஹால் முழுக்கச் சத்தம் கும்கும்முன்னு முழங்குதுக்கா. அந்தப் பஞ்சு மெத்தைதான் இத்தனை நாளா முழக்கத்தை எல்லாம் உறிஞ்சிட்டு இருந்திருக்கு. சாரே வந்து பாத்துட்டுச் சொன்னாரு. அப்பாவுக்கு நான் புதுசா ஃபோம் மெத்தை வாங்கித் தர்றேன். பழசை மட்டும் அனுப்பிடேன்."

போனை அணைக்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் அப்பா பேசினார். "கு...டுத்துடு" என்றார். சொல்லிவிட்டு இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து ஓரத்துக்கு நகரத் தொடங்கினார், நான் மெத்தையை உருவிக்கொள்ள வசதியாக.