பலகை இடுக்கில் மருந்து

கட்டர் மெஷினின் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. மின்வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கையில் வேலை இருக்கும்போது கரண்ட் போனால் எனக்குப் பொறுமை கிடையாது.

டைல்ஸ், மரத்தளம் இரண்டும் போடுகிறவன் நான். அன்று நின்றது ஏழாயிரம்பண்ணை ரோட்டில் பால்பாண்டி அண்ணன் வீட்டில். அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் பகுதிக்கு ஃபோர்மேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் போகிற கலவை. முன்பு அந்தக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்குத் தளம் போடப் போனபோது, பக்கிளில் இரும்பு இருக்கிறது, உரசினால் பொறி பறக்கும் என்று வாசலிலேயே என் பெல்ட்டைக் கழற்ற வைத்தார். பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அளவெடுத்தேன். அம்புட்டு கறார்.

அவர் புது வீட்டுக்கு நான் சொன்ன கணக்கு எல்லோருக்கும் சொல்வதுதான். ஹாலுக்கு விட்ரிஃபைடு, சமையலறைக்குக் கறை பிடிக்காத டைல்ஸ், பாத்ரூமுக்கு வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். பின்கட்டு ரூமுக்கு மட்டும் மரம். அவர் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், வீசிங் உண்டு. கட்டிலில் படுக்க மாட்டாள், தரைதான் வேண்டும். டைல்ஸ் தரையில் படுத்தால் நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்று அம்மா ஜெயா பயந்தார். தேக்குப் பலகையை ரீப்பர் கட்டை என்கிற ஒல்லி மரச்சட்டங்கள் மேல் ஆணியடித்துப் போட்டுக்கொடுத்தேன். மரத்துக்குத் தண்ணீர் ஆகாது, துடைக்க வேண்டாம், பெருக்கினால் போதும் என்றும் சொன்னேன். ஜெயாக்கா அதை அப்படியே கடைப்பிடித்தார்.

இந்த ஊர் வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிட்டது. நடுவில் ஒன்று தூக்கிக்கொண்டு கிடந்தது. அதை மட்டும் அறுத்தெடுக்கத்தான் போயிருந்தேன்.

கரண்ட் வரட்டும் என்று தரையில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் இடுக்கில் விரலை விட்டேன். விரல் வெள்ளிபோல மினுங்கியது. பிள்ளை ஏதோ ஜிகினா வைத்து விளையாடியிருக்கிறாள் என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. லீவில் வீட்டிலிருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. ஒரு தாளில் கொஞ்சம் வழித்தெடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு வெகுதூரம் தள்ளிக் காட்டுப்பக்கம் போனார்; நானும் பின்னால் போனேன். நீளக் குச்சியின் நுனியில் நெருப்பு வைத்து நீட்டினார். புஸ்ஸென்று கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். ஒரு சிட்டிகை மருந்துதான்.

கட்டர் சுற்றினாலே மோட்டாரில் பொறி பறக்கும். பலகைக்கு அடியில் ஆணி வேறு. வீட்டுக்குள் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், ஹாலில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அண்ணன், சமையலறையிலிருந்து ஓடிவந்த ஜெயாக்கா, நான் மூன்று பேரும் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அண்ணனே சொன்னார். தீபாவளி சீசன் நேரத்தில் கம்பெனியில் குளித்து உடை மாற்றும்வரை வேன் நிற்காது. வேலைச் சட்டையோடு பின்வாசல் வழியாக வருவார். அந்த ரூமில்தான் கழற்றி, ஒரு உதறு உதறி, ஆணியில் மாட்டுவார். டைல்ஸாக இருந்தால் மறுநாள் ஈரத்துணி எடுத்துக்கொண்டு போயிருக்கும். மரம் என்பதால் விளக்குமாறு இடுக்குக்குள் தள்ளியது.

"கம்பெனியில ஒரு ஆணிய உள்ள விட மாட்டேன் மேஸ்திரி. எம் புள்ள படுக்கிற எடத்துல நானே உதறிருக்கேன்."

ஜெயாக்கா அழவில்லை. "அந்த ரூம்லதான தெனமும் சாம்பிராணி போட்டேன்," என்றார். அதைக் கேட்டதும் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், வழக்கம்போல் பையைப் போட்டுவிட்டு அந்த ரூமுக்கு ஓடப்போனாள். அண்ணன் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"ஏம்ப்பா, நான் என்ன செஞ்சேன்?"

அவர் அவள் பையை எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டிப்போனார்.

மறுநாள் மெயினை அணைத்துவிட்டு, எப்படி எடுக்க வேண்டும் என்று அவரே முன்னால் நின்று சொன்னார். இரும்பு படாமல் மர ஆப்பு வைத்துப் பலகைகளை நெம்பினோம். பொறுமையில்லாத நான் அன்று ஒரு பலகைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு அங்கே டைல்ஸ் ஒட்டி, இடுக்கே தெரியாமல் எபாக்ஸிப் பசையால் அடைத்தேன். பிள்ளைக்குத் தடியாக ஒரு கோரைப்பாய். பின்வாசலுக்கு வெளியே ஒரு குளியலறை, சட்டை மாட்ட ஒரு கொடி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த ரூமுக்கு எந்தத் தரை என்பதைக் கடையில் சாம்பிள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தரைக்கு யார், எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று விசாரியுங்கள். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "வேலை முடிஞ்சு வந்து சட்டைய எங்கன கழட்டுவீக?" என்பதுதான். சிலர் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை நான் டேப்பை விரிப்பதில்லை.