அக்கி இல்லீங்ண்ணா

கதவைச் சாத்தும்போதே அன்புசெல்வியின் மற்றொரு கை மின்விசிறிச் சுவிட்சுக்குப் போய்விடுகிறது. மார்கழியிலும் போடுவார். காற்றுக்காக அல்ல, அதன் கடகடப்புக்காக. வெளி பெஞ்சுக்கு எதுவும் கேட்கக் கூடாது. பதினோரு வருடம் நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே கத்தி வளர்ந்த குரல். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவின் ஆலோசகர் வேலைக்கு அந்தக் குரலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். “என்ற வாய்க்கு இந்த ஃபேன்தானுங்க பூட்டு” என்கிறார்.

அன்று வந்தவர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் தைக்கும் ராக்கையா. கூடவே மனைவி மருதாள். அந்தரங்க இடத்தில் வந்த கொப்புளங்களை அக்கி என்று முடிவுகட்டி, அது இறங்க வழக்கப்படி காவியில் சிங்கம் எழுதிக்கொள்ளச் சேவூர் போயிருக்கிறார். எழுதுபவரிடம் இடத்தைச் சொல்லக் கூச்சம், இடுப்பைக் காட்டிவிட்டார். இடுப்பில் சிங்கம் கம்பீரமாக நின்றது. கொப்புளம் அதன் பாட்டுக்குப் புண்ணானது.

“அக்கி இல்லீங்ண்ணா. ஹெர்பிஸ். ஒடம்பு சேரறப்ப தொத்தறது. டாக்டர் எழுதுன அசைக்ளோவிர், நாளைக்கு மூணு. மூணாம் நாளே காஞ்சிருச்சுன்னு நிறுத்திப்போடாதீங்க, பத்து நாளும் முழுங்கோணும். புண்ணு ஆறற வரைக்கும் ஒண்ணாப் படுக்கப்படாது.”

“கிருமி செத்துப்போயிருமுங்களா?”

“சாவாதுங்ண்ணா. நரம்புக்குள்ள போயித் தூங்கும். மறுபடி நமநமன்னுச்சுன்னா அன்னைக்கே இங்க வந்துருங்க. சுருக்கா மாத்திரை போட்டா சுருக்கா அடங்கும்.”

ராக்கையா மனைவி பக்கம் திரும்பவே இல்லை. “கண்ணாலத்துக்கப்புறம் நான் எங்கியும் போனதில்லீங் அம்மிணி. இவகிட்ட இருந்துதான் வந்திருக்கோணும். இன்னைக்கே ஊத்துக்குளிக்கு, இவ அப்பன் ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்.”

மருதாள் அழவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனம், முந்தானை நுனியாக அவர் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

“கண்ணாலத்துக்கு முன்னாடிங்ண்ணா?”

“பம்பாய்ல இருந்தனுங்க... அது எந்தக் காலம்!”

“அந்தக் காலத்துலயே வந்திருக்கலாம். வருசக்கணக்கா சத்தமில்லாமக் கெடக்கும். உங்ககிட்டயோ, அக்காகிட்டயோ. யாரு கொண்டாந்ததுன்னு எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியாது. மாத்திரையும் அதக் கேக்காதுங்ண்ணா.”

இப்படி எத்தனை வீடுகளின் ரகசியம் அன்புசெல்வியிடம் இருக்கிறதோ! பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் ஒருவரையும் தெரியாதவர்போல நடக்கிறார். முகங்களை மறப்பதற்கு இவ்வளவு நினைவாற்றல் வேண்டுமென்பது அவரைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மருதாளுக்கும் பரிசோதனைக்கு ஒரு சீட்டுப் போட்டார். இரண்டு சீட்டிலும் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று எழுதினார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஸ்டேப்ளரால் இரண்டு முறை அடித்தார். வாங்க ராக்கையா கை நீட்டினார். அன்புசெல்வி அந்தக் கையைத் தாண்டி, மருதாளிடம் நீட்டினார்.