மற்றவர்கள் நிதானிக்க

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறைக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே சலவைக்கூடம். அங்கே அவளுக்கு மணவாட்டி என்று பெயர். சபைக்காரர்கள் வைத்த பெயரல்ல. எந்தச் சபைப் பக்கமும் போகாத, அங்கே துணிக்குச் சோப்புப் போடும் சோப்புக்காரி வைத்தது. பைபிளில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த கன்னிகளின் கதையை அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். காலையில் வந்ததும், "எண்ணெய் இருக்கா, தீந்துபோச்சா?" என்று கேட்பாள். மணவாட்டி சிரித்துவிட்டு உருளைக்கு முன்னால் போய் நிற்பாள்.

நீராவி உருளையில் ஈரப் படுக்கைவிரிப்புகளை நுழைப்பது அவள் வேலை. இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். மடிப்பு விழக்கூடாது. விரல் உள்ளே போகக்கூடாது. மறுபக்கம் விரிப்பு காகிதம்போல் விறைத்து வரும். கறை போகாதவை தனியே கிடக்கும். அவற்றைப் பார்த்து, இது பிரசவம், இது அறுவை என்று சோப்புக்காரி சொல்லிக்கொண்டிருப்பாள்.

கணவன் மின்வேலை தெரிந்தவன். கல்யாணமான மறுவருடம் கடல் கடந்து கட்டட வேலைக்குப் போனான். முதலில் வாரம் தவறாமல் பேசினான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு அதுவும் இல்லை. ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்று அவனை அழைத்துப்போன காண்டிராக்டர் கையை விரித்துவிட்டார். அவன் செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணன் ஏறாத அலுவலகப் படி இல்லை.

அவர்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் கூடியது. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. பிரசங்கம் உச்சத்துக்குப் போகும்போது கீழே காற்றடிக்கும் இயந்திரம் சீறும். ஆமென் சொல்ல ஆள் குறைந்தாலும் இயந்திரம் சொல்லிவிடும் என்று பாஸ்டரே சிரிப்பார். அவர் முன்பு பேருந்தில் நடத்துனராக இருந்தவர். வேதக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்தவர். வேதத்துக்கு வேதமே அர்த்தம் சொல்லும், ஒரு வசனம் புரியாவிட்டால் இன்னொரு வசனத்திடம் போய்க் கேளுங்கள் என்பார். யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். அதுதான் பின்னால் எல்லாவற்றையும் கடினமாக்கியது.

கணவனிடமிருந்து தகவல் நின்றுபோன அந்த வருடம் வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். தீர்க்கதரிசன வரமுள்ளவர் என்று சொன்னார்கள். கூட்டத்தின் நடுவே கண்ணை மூடியபடி அவள் பக்கம் கையை நீட்டினார்.

"மகளே, தண்ணிக்கு அப்பால ஒருத்தனைப் பாக்கறேன். அழுதுக்கிட்டிருக்கான். அவன் உன் வாசல்ல வந்து நிப்பான். கர்த்தர் சொல்றார்."

சபை முழுதும் அழுதது. அவள் அழவில்லை. அதற்குமுன் அழுதுகொண்டிருந்தவள் அன்று நிறுத்தினாள்.

அண்ணன் எதையும் ஒருமுறை தட்டிப் பார்த்து வாங்குகிறவன். அடுத்த வாரம் பாஸ்டரிடம் போய், இது கர்த்தர் சொன்னதுதானா, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டான். பாஸ்டர் கோபப்படவில்லை. புத்தகத்தைத் திறந்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதைக் காட்டினார். தீர்க்கதரிசிகள் இரண்டு பேரோ மூன்று பேரோ பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று இருந்தது.

"பாத்தியா பிரதர், நிதானமா இருங்கன்னு எழுதியே வச்சிருக்கு. அவசரப்பட்டு ஒண்ணும் பேசக்கூடாது. பொறுத்திருப்போம்."

அண்ணன் வாசித்துப் பார்த்தான். நிதானம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். படிக்கட்டில் நிதானமாக இறங்கு என்கிறோம். சரி என்று வந்துவிட்டான். சபையில் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. மணவாட்டி நிதானமாக இருக்கத் தொடங்கினாள்.

அண்ணன் குடும்பம் ஊரின் மறுகோடிக்கு, அவன் வேலைக்குப் பக்கத்தில், வீடு மாற வேண்டியிருந்தது. இவள் வர மறுத்தாள். உன் வாசல் என்று சொல்லப்பட்டிருக்கிறது. கணவனுக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதான். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாசல்னா இந்தக் கதவா, இந்த வீடா, இந்தத் தெருவா? வீட்டு ஓனர் பெயின்ட் அடிச்சுட்டா என்ன பண்ணுவே? அதையும் பாஸ்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோ."

இவள் நிஜமாகவே கேட்டாள். வாசல் என்பது அடையாளமாகவும் இருக்கலாம், வாசலாகவும் இருக்கலாம் என்றார் பாஸ்டர். அதனால் பழைய வீட்டின் முன்னறையையும் அடுக்களையையும் மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள். பின்னறைகளுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. முகத்தில் சதை இறங்கியது. சலவைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மணவாட்டி என்பதுதான் அவள் சொந்தப் பெயர் என்று நினைத்தார்கள்.

பாய்லர்காரர் மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். உருளைக்கு நீராவி போதாதபோது இவள் சுவரில் தட்டுவாள், அந்தப் பக்கம் அவர் வால்வைத் திறப்பார். அவர்களுக்குள் பல வருடப் பேச்சு அவ்வளவுதான். ஒருநாள் மதியம் வந்து, மழைக்காலம் முடிந்ததும் தன்னை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள் என்றும், அவளுக்குச் சம்மதமென்றால் கல்யாணம் செய்து அழைத்துப்போக விரும்புவதாகவும் சொன்னார். இத்தனை வருடம் தகவல் இல்லாதவன் விஷயத்தில் கோர்ட்டு வழிவிடும் என்று அண்ணன் எப்போதோ விசாரித்து வைத்திருந்தான். அது அவளுக்கும் தெரியும். அவள் அந்தத் தீர்க்கதரிசனத்தைச் சொன்னாள். அவர் பெரிய பழைய சபையைச் சேர்ந்தவர். மரியாதையாகக் கேட்டார்.

"எங்க சபையில தீர்க்கதரிசனமெல்லாம் கிடையாதுங்க. கமிட்டிதான்" என்றார். பிறகு, "நிதானமாச் சொல்லுங்க" என்றார்.

அந்த வார்த்தை அவளைக் குத்தியது. கர்த்தர் சொன்னதென்றால் இந்த மனிதருக்குச் சம்மதம் சொல்வது கீழ்ப்படியாமை. கர்த்தர் சொல்லவில்லை என்றால் அவளுக்குக் கட்டு ஒன்றுமில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் எதுவும் செய்ய அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் சோப்புத்தூள் அளக்கும் குவளை உடைந்துபோயிருந்தது. புதிதாக வந்தவள் எவ்வளவு போடுவது என்று திகைத்து நின்றாள். "அழுக்கைப் பாரு, தண்ணியைப் பாரு, ஒரு நிதானம் பண்ணிப் போடு. இதுக்குக்கூட ஜோசியமா பாப்பாங்க?" என்றாள் சோப்புக்காரி. மணவாட்டியின் கை உருளைக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. சோப்புக்காரி பொறுமையாகப் போடு என்று சொல்லவில்லை. எவ்வளவு என்று பார்த்துக் கணித்துப் போடு என்கிறாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தாள். பாஸ்டர் சொன்னபடி அந்த வார்த்தையை இன்னொரு வசனத்திடம் கேட்கப் போனாள். சபையில் அப்பம் பிட்கும் நாளில் வாசிக்கும் பகுதியில் அது இருந்தது. கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் சாப்பிடுகிறவனைப் பற்றியது. மாதாமாதம் காதில் விழுந்ததுதான். பிறகு சுவிசேஷத்தில் கண்டாள். மேற்கே மேகம் எழும்பினால் மழை என்கிறீர்கள், தென்றல் அடித்தால் வெயில் என்கிறீர்கள், வானத்தின் முகத்தை நிதானிக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் காலத்தை நிதானிக்கத் தெரியவில்லையா என்று ஆண்டவர் ஜனங்களைக் கடிந்துகொள்கிறார். கம்பளிகளை மொட்டைமாடியில் உலர்த்துகிற நாட்களில் அவளும் அப்படித்தான் வானத்தைப் பார்ப்பாள். வானத்திடம் யாரும் பொறுமையாக இருப்பதில்லை. பார்த்து, எடைபோட்டு, கம்பளியை விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

மறுபடியும் அந்தப் பழைய வசனத்துக்கு வந்தாள். தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் எடைபோட்டுப் பார்க்கட்டும். அந்த மற்றவர்கள் வேறு யாரோ இல்லை. அண்ணன், பாஸ்டர், சபை, அவள். ஒருவரும் எடைபோடவில்லை.

பாஸ்டர் மாடியில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று இடங்களையும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் வாசித்தார். இன்னும் ஒன்றிரண்டு இடங்களை அவரே தேடி எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆவிக்குரியவனை யாரும் நிதானிக்க முடியாதுன்னும் ஒரு வசனம் இருக்கு சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். "அதைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம். அது இதுக்கு இல்ல."

"நான் மட்டும் நிதானிச்சாப் போதுமா பாஸ்டர்?"

"மற்றவர்கள்னு போட்டிருக்கே. ஒருத்தர் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் பண்ணவில்லை. ஒரு வார்த்தையைத் தப்பாக வாசித்து, தப்பாகவே போதித்துவிட்டதாகச் சொன்னார். காரணத்தை வசனம் வசனமாகக் காட்டினார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"இப்படி ஒவ்வொரு வார்த்தையாத் தோண்டினா கடைசியில விசுவாசத்துல என்ன பாஸ்டர் மிஞ்சும்?"

"மிஞ்சறது மிஞ்சட்டும் பிரதர்."

அந்தத் தீர்க்கதரிசனத்தைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாஸ்டர் கேட்டார். கீழே இயந்திரம் இரண்டு தடவை சீறி ஓய்ந்தது. பெண்கள் பக்கத்தில் அண்ணி எழுந்தாள்.

தீர்க்கதரிசனம் சொன்ன ஊழியக்காரருக்கு அந்தக் கூட்டத்தன்று மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான் என்றாள். மணவாட்டி வேலைக்குப் போயிருந்தாள். சாப்பிடும்போது, பாரமான ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். அண்ணி நாத்தனாரைப் பற்றிச் சொன்னாள். கடலுக்கு அப்பால் போனதையும், பேச்சு நின்றதையும், இன்ன நிறச் சேலையில் கூட்டத்துக்கு வருவாள் என்பதையும் சொன்னாள். ஜெபம் பண்ணுவார் என்று நினைத்தாளாம்.

அண்ணன் எழுந்துவிட்டான். "ஏண்டி, இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லல?"

"யாராவது கேட்டீங்களா? ஒருவேளை நான் சொன்னதுக்கு மேல கர்த்தரும் சொல்லியிருப்பாரோன்னு இருந்துச்சு. எல்லாரும் நிதானமா இருங்கன்னீங்க. இருந்தேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அன்றைக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் சாப்பாட்டு மேசையோடு எல்லாம் முடிந்திருக்கும் என்று எல்லாருக்கும் புரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இது கர்த்தர் சொன்னது இல்லைன்னு நான் நிதானிக்கிறேன். மற்றவங்க சொல்லுங்க" என்றார் பாஸ்டர். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. குமாஸ்தா கட்டிய கையை எடுக்கவில்லை. எல்லாரும் மணவாட்டியைப் பார்த்தார்கள். அவளும் கையைத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு முன்னறையிலிருந்து வந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டுப் பின்னறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். யார் போனது என்று கேட்டார்கள். அண்ணி வந்து கூட இருந்தாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்துக்கு விடுமுறை சொல்லி அனுப்பியபோது காரணம், வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்று போயிற்று. அவன் எங்கோ வேறொரு குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். செத்திருப்பதற்கும் அதற்கும் அவளுக்கு இப்போது வித்தியாசம் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது சோப்புக்காரி எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. முதல்முறையாக அவளுடைய உண்மையான பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

மதியம் மணவாட்டி பாய்லர் அறைக்குப் போனாள். அவருக்கும் விஷயம் எட்டியிருந்தது. கையைக் கழிவுப்பஞ்சில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அது இல்லைன்னு ஆயிடுச்சு."

"ஆயிடுச்சு."

"அப்போ நம்ம விஷயம்?"

"என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமைதான் போனாருங்க" என்றாள்.

அவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மனைவி போனபோது ஒரு வருடம் மனிதர்களோடு பேசப் பிடிக்கவில்லை என்று சொன்னார். அவளை அவசரப்படுத்தத் தனக்கு மனசில்லை, ஆனால் போகிற ஊரில் தனியாக இருந்து காத்திருக்கிற வயதும் இல்லை என்றார். அவள், புரிகிறது என்றாள். அவர் பஞ்சைத் தொட்டியில் போட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் அவர் போய்விட்டார். அந்த ஊரில் யாரையோ கல்யாணம் செய்துகொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். சபையில் குமாஸ்தாவும் இன்னும் மூன்று குடும்பங்களும் வேறு இடம் தேடிக்கொண்டன. பாஸ்டர் இப்போது மெல்ல வாசிக்கிறார். சில வார்த்தைகளில் நின்றுவிடுகிறார், கூட்டம் காத்திருக்கிறது.

பாய்லருக்குப் புதிதாக வந்தவன் பயந்தவன். அழுத்தத்தைக் குறைத்தே வைத்தான். சுவரில் தட்டினாலும் அவனுக்குக் காதில் விழவில்லை. விரிப்புகள் மறுபக்கம் ஈரம் போகாமல் வந்தன. ஒவ்வொன்றையும் அவள் இரண்டாம் முறையும் உருளைக்குள் விட வேண்டியிருந்தது.