சுண்ணாம்பு வாசனை அடித்த பதினான்கு கிலோமீட்டர்: பூந்தமல்லிக்கு ஒரு ஸ்கேன் பயணம்

மலை, கடல், கோட்டை என்று எழுதிக்கொண்டிருந்தவள் பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்குப் போனதையெல்லாமா எழுதுவாள் என்று சிரிக்காதீர்கள். நான் போனதிலேயே விசித்திரமான பயணம் அதுதான். எனக்கு ஒன்பது வருடமாக வலிப்பு இருக்கிறது. இந்த வலைப்பூவில் அதைச் சொல்வது இதுதான் முதல் முறை. மூன்று வகை மாத்திரை போட்டும் அடங்கவில்லை. போன ஆடி மாதம் பட்டாபிராம் நடைமேடையின் ஓரத்தில் விழுந்தேன். பூ விற்கும் அக்கா ஒருவர் துப்பட்டாவைப் பிடித்து இழுத்ததால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் அங்கே நிற்க மாட்டார்.

அம்பத்தூரில் நான் பார்க்கும் நரம்பு டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் அந்த இடத்தை அறுவையில் எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. ஆனால் அது எங்கே என்று உறுதியாகத் தெரியவேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் சிக்கவில்லை, அதனால் பெட் ஸ்கேன். கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவார்கள். மூளையில் எந்த இடம் எவ்வளவு சர்க்கரை தின்கிறது என்று படம் காட்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் அந்தக் கோளாறு பிடித்த இடம் சோம்பேறி, குறைவாகத் தின்று மங்கலாகத் தெரியும். வலிப்பு வந்துவிட்டாலோ அகோரப் பசி, பளிச்சென்று எரியும்.

"ஊசி போட்டப்புறம் வலிப்பு வந்தா உடனே சொல்லிடணும்மா. சொல்லாம விட்டா, அது எரியறதுக்குப் பக்கத்துல நல்ல பக்கம் மங்கலாத் தெரியும். நாங்க தப்பான பக்கத்தைச் சந்தேகப்படுவோம்" என்றார். கேட்டதுமே எனக்குத் தலையின் இரண்டு பக்கமும் கூசியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.20-க்குக் கிளம்பினோம். முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, அதற்கப்புறம் வெறும் தண்ணீர்தான். துணைக்கு என் கணவர் முத்து. நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம், வேலைக்காக இங்கே ஃபிளாட் வாங்கியவர்கள். ஆட்டோ பேசியது நானூறு ரூபாய், தூரம் பதினான்கு கிலோமீட்டர். ஓட்டியவர் கரையான்சாவடிக்காரர், பெயர் பஷீர். பாய் என்றே கூப்பிட்டோம். ஆவடியில் ஒரு மாதிரி நகர்ந்து, பருத்திப்பட்டு தாண்டி, 6.52-க்குப் பாரிவாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே சாலையோரம் ஒரு நீலத் தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே ஏறியது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை. இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன், இதே ஆட்டோவில், இதே வெயிலில் என்று அப்படி ஒரு நிச்சயம். "தொட்டியைத் தாண்டுனா துருப்பிடிச்ச கேட் ஒண்ணு வரும், பெரிய பூட்டோட" என்று சொன்னேன். கேட் வந்தது, பூட்டும் இருந்தது. அந்தப் பாதையில் நான் அதற்கு முன் போனதே இல்லை.

பாய் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது பூட்டிகினு பல வருசம் ஆவுது தங்கச்சி. முன்னாடி வந்துகீறீங்களா?" என்றார். இல்லை என்றேன். முத்துவுக்கு ஒரே பெருமை. இவளுக்கு எல்லா ஊரும் முன்னாடியே தெரியும் பாய், இதைத்தான் எழுதி எழுதிப் பேர் வாங்கியிருக்கிறாள் என்று அளந்துவிட்டார். பாய் வண்டியை மறுபடி விரட்டினார். நான் பழக்கதோஷத்தில் நேரத்தை மட்டும் போனில் குறித்துக்கொண்டேன்.

7.10-க்கு ஸ்கேன் சென்டர். பேரை எழுதவில்லை, தேவையும் இல்லை. கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று கேட்டார்கள். வழக்கம்போல முத்து முந்திக்கொண்டு பதினோரு நாளாயிற்று என்றார். எங்கள் வீட்டுக் கணக்கில் கீழே விழுந்தால்தான் வலிப்பு. நானும் தலையாட்டினேன், அந்தத் தொட்டி ஞாபகத்துக்கே வரவில்லை. விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்து, 8.45-க்கு ஊசி போட்டார்கள். பிறகு முக்கால் மணி நேரம் தனியாகப் படுக்கை. போன் கூடாது, பேச்சு கூடாது, முடிந்தால் எதையும் யோசிக்கக்கூடாது. யோசிக்காமல் இருக்க நான் என்ன சுவரா?

சின்ன அறை. விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். எதிரே பச்சைத் திரை, அதற்கு மேலே கடிகாரம், கைக்கு எட்டும் தூரத்தில் நர்ஸைக் கூப்பிடும் மணி. திரைக்கு அந்தப் பக்கமும் யாரோ படுத்திருந்தார்கள், மூச்சு மட்டும் கேட்டது. 9.01-க்கு மறுபடியும் சுண்ணாம்பு வாசனை. இந்தத் திரை, இந்த மூச்சு, எல்லாம் முன்பே நடந்தது. அடுத்து அந்த மூச்சு நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. நின்றது. பிறகு ஓர் இருமலோடு மறுபடியும் வந்தது. நான் அசையக்கூட இல்லை. கடிகாரம் 9.02 காட்டியது.

அந்த அறையில் எதற்குச் சுண்ணாம்பு வாசனை? சுவர் முழுக்க பளபளப்பான டைல்ஸ். காலையில் ஆட்டோவிலும் இதே வாசனைதானே என்று நினைத்தபோதுதான் பகீரென்றது. என் பதிவுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. "முன்பிறவியில் இங்கே வாழ்ந்திருக்கிறேன் போல" என்று ஒரு பழைய அரண்மனையைப் பற்றி எழுதினேன், சுண்ணாம்பு வாசனை வந்தது என்றும் எழுதினேன். நீங்கள் எல்லோரும் புல்லரித்துப் போனீர்கள். அதையே ஒரு கடற்கரையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். கடற்கரையில் யார் எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்? ஒரு படகிலும் வந்திருக்கிறது. நான் முன்பிறவி என்று எழுதியது, முத்து பெருமையடித்தது, எல்லாமே வலிப்புதான். விழாத வலிப்பு.

மணியை அழுத்தத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தினால் இன்றைய ஸ்கேன் பாழ். முத்துவின் லீவு, பட்டினி, ஊசி எல்லாம் இன்னொரு தடவை. வெளியே தெரியாத ஒன்றை நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் படுத்திருந்தேன். அப்போது டாக்டரம்மா சொன்ன தப்பான பக்கம் ஞாபகம் வந்தது. இடதா வலதா என்று எனக்கே தெரியாத ஒரு பக்கத்தில் கத்தி வைப்பார்கள். பயத்தில் கை தானாகப் போய் மணியை அழுத்தியது.

நர்ஸ் வந்து, "இன்னாக்கா, எதுனா வோணுமா?" என்றாள். வந்துவிட்டது என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கம்முனு தானே படுத்துகினு கீறீங்க?"

"உள்ள வந்துச்சும்மா. ஒம்போது ஒண்ணுக்கு. காலையில 6.52-க்கும் வந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் நேரத்தை எழுதிக்கொண்டு, இந்தப் படத்தையும் எடுத்து வைப்போம், ஆனால் இன்னொரு நாளும் வரவேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். அன்றைக்கு எதுவும் வரவில்லை. இரண்டு படங்களையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது காதுக்கு நேர் உள்ளே, மூளையில் ஒரே இடம். முதல் படத்தில் விளக்குப் போட்டதுபோல எரிந்தது, இரண்டாவதில் இருண்டு கிடந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வலது பக்கத்தைச் சந்தேகப்பட்டிருப்போம் என்றார். முத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இரண்டாம் முறையும் பாய் ஆட்டோதான். பாரிவாக்கத்தில் முத்து, "ஏட்டி, தொட்டி" என்று காட்டினார். பார்த்தேன். நான் உண்மையாகவே பார்த்திருந்த இடம், ஆனால் முதல் தடவை பார்ப்பதுபோல இருந்தது. நான் சொன்ன பிறகுதான் கேட் தெரிந்தது என்று பாய் இன்றும் சாதிக்கிறார். பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பீர்கள், மூளை வரிசையை மாற்றிவிடும் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு ஞாபகமில்லை. அறுவை அடுத்த மாதம்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் ஆவடியைத் தாண்டிவிடுங்கள். சால்வை கொண்டுபோங்கள், அறை குளிரும். ஸ்கேன் முடிந்த அன்று கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் நெருங்கவேண்டாம் என்பார்கள், கேளுங்கள். துணைக்கு வருபவர் "வலிப்பு வந்துச்சா" என்று கேட்டால் போதாது. "உள்ள ஏதாவது வந்துச்சா" என்று கேட்கவேண்டும். முத்து இப்போது அப்படித்தான் கேட்கிறார்.

முன்பிறவி என்று எழுதிய பதிவுகள் மொத்தம் பன்னிரண்டு. அழிக்கவில்லை, தேதியோடு டாக்டரம்மாவின் ஃபைலில் இருக்கின்றன. நேற்று அவற்றின் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். கடற்கரைப் பதிவின் கீழே பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கும் பைக்கில் போகும்போது இப்படித் தோன்றும், ரப்பர் கருகும் வாசனையோடு." அதற்கு நான் சிரித்த முகம் ஒன்றைப் போட்டு நகர்ந்திருக்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் பைக் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, டாக்டரிடம் அந்த வாசனையைச் சொல்லுங்கள்.