ஒரு சொட்டும் குறையல்ல

இண்டைக்குப் பகல் கூரியர் கடையில இருந்து கோல். "மிஸ், உங்கட சாமான் வந்திட்டு."

எட்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்த போத்தல். உள்ளுக்க இருக்கிறது அசற்றிக்கமிலம்தான், வினாகிரிக்குப் புளிப்புக் குடுக்கிற அமிலம். ஆனா ஐதரசனுக்குப் பதிலாக் கனமான ஐதரசன் வச்சுச் செஞ்சது. அது கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர எங்கெங்க உறிஞ்சுது எண்டு கோடு கோடாப் பிரிச்சு அளக்கிறதுதான் என்ட ஆராய்ச்சி. அடுத்த கிழமை கொழும்புல அந்த அளக்கிற மெஷினுல வேலை செய்ய ரெண்டு நாள் தந்திருக்காங்க.

கடைக்காரர் போத்தல நீட்டினார். மூடி இல்ல. வாயில பொலித்தீன், அதுக்கு மேல றப்பர் பாண்ட்.

"மழைக்கு லேபல் ஊறிட்டு மிஸ். என்ன சாமான் எண்டு நேத்துத் திறந்து மணந்து பாத்தன். மூக்குல அடிச்சிட்டு! மூடி எங்கயோ உருண்டு போய்ட்டு, அதான் நானே கட்டி வச்சன். வினாகிரிதானே?"

"ஓம், அந்த மாதிரித்தான்."

அவருக்கு எப்படிச் சொல்ற? ஈரக் காத்துப் பட்டா கனமான ஐதரசன் எழும்பிப் போக, சாதாரண ஐதரசன் வந்து அந்த இடத்துல குந்திரும். ரெண்டு நாளா மழை. கடைக்குப் பின்னால வாவி. இனி அளந்தா வாற கோடெல்லாம் கலப்புத்தான்.

கோவம் வரும் எண்டு பாத்தன். வரல்ல. அழுகையும் வரல்ல.

அவர் போத்தல வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார். "நல்லாப் பாருங்க மிஸ், ஒரு சொட்டும் குறையல்ல."

"பொருள் குறைவின்றிக் கிடைத்தது" எண்டு அச்சடிச்ச இடத்துல கையெழுத்துப் போட்டன். பேனை தந்ததுக்கு நன்றியும் சொன்னன்.

போத்தல் இப்ப என்ட மேசையில. அச்சாறு போடுற ஆக்கள் இருந்தா இன்பொக்ஸுக்கு வாங்க.