லாச்சியில் கிடந்த விண்ணப்பம்

ஒரு விண்ணப்பம் எந்தக் கணத்தில் விண்ணப்பமாகிறது? எழுதியவர் அதன் அடியில் கையொப்பமிடும்போதா, அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்து நம் கையில் ஒப்படைக்கும்போதா, அல்லது நாம் திகதி முத்திரையை மையில் ஒற்றி அதன் தலைப்பில் குத்தும்போதா? கண்டி நகரில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் நலன்புரிக் கிளையில் பட்டதாரிப் பயிலுநராக நான் சேர்ந்த காலத்தில் இந்தக் கேள்வி என் மனதில் எழவே இல்லை. எழவேண்டியிருந்தது. எழாததன் பலனை அனுபவித்தவர் நானல்ல என்பதுதான் இதை எழுதக் காரணம்.

அந்த முத்திரை இன்றும் கண்முன் நிற்கிறது. மரப்பிடி, பல கைகள் பட்டு வழவழத்துப்போனது. அடியில் நாள், மாதம், வருடம் என்று மூன்று இறப்பர் பட்டிகள். காலையில் குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கையொப்பப் புத்தகத்தில் எழுதியதும் என் முதல் வேலை, நாள் பட்டியைப் பெருவிரல் நகத்தால் ஒரு பல் முன்னே தள்ளுவது. நகரசபையில் நாற்பது வருடம் உழைத்த என் தந்தை ஒருநாளும் கதிரையில் அமர்ந்து வேலை செய்ததில்லை. எங்கள் வீட்டில் மேசையும் முத்திரையும் கிடைத்த முதல் ஆள் நான். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் ஊதா மையை மாலையில் வீட்டுக்குப் போகும்வரை நான் கழுவுவதில்லை.

போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. தொண்டர் படையினரை அப்போது ஒவ்வொரு தொகுதியாக விடுவித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டர் படை என்றால், சாதாரண காலத்தில் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு வருடத்தில் சில வாரம் முகாமுக்குப் போய் வருகிறவர்கள். அழைப்புக் கடிதம் வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகவேண்டியவர்கள். அப்படி அழைக்கப்பட்டுச் சேவை செய்தவர்களுடைய பிள்ளைகளில் ஒருவருக்கு, உயர்தரப் பரீட்சைக்குப் பிந்திய தொழிற்கல்விக்கான கட்டணத்தை அரசு ஏற்கும் உதவித் திட்டம் ஒன்று இருந்தது. விடுவிப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்துடன் விடுவிப்புக் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அனுமதிக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, கடைசியாகப் படைப்பிரிவு தரும் சேவைக்காலச் சான்று ஆகியவை இணைக்கப்பட வேண்டும்.

முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் விதத்தில் சாரதி நானா என்று நான் நினைவில் வைத்திருக்கும் மனிதர் அலவத்துகொடயிலிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, ஒடிசலான உடம்பு, பேசும்போது வலது காதைச் சற்று முன்னே நீட்டும் வழக்கம். மரக்கறி வியாபாரி ஒருவரின் லொறி ஓட்டியவர், போர்க்காலத்தில் வடக்கே படைக்குத் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினார். இடது காது அங்கேதான் போனது. கண்டிக்கு வரும் வழியில் அக்குறணைத் தெருவில் வெள்ளம் ஏறும் நாட்களுக்குப் பயந்து, தம் பத்திரங்களையெல்லாம் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, அதற்குமேல் ஒரு பொலித்தீன் பை போட்டு, அதை மறுபடி மடித்து இறப்பர் வளையம் இட்டிருந்தார். பிரித்து முடிக்க நேரம் எடுத்தது. கிளையின் எழுத்தர்களுக்குத் தலைவரான எங்கள் பிரதம இலிகிதர், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர், தம் மேசையிலிருந்தே அதைப் பார்த்துச் சிரித்தார்.

"நானா, உள்ளுக்க பேப்பரோ, புரியாணியோ?"

"புரியாணி எண்டா இவ்வளவு தூரம் வந்து சேருமா சேர்?"

"பட்டாளத்தில என்ன சாப்பாடு தந்தவை?"

"பருப்புதான். எப்பசரி கோழி வரும். ஹலாலா எண்டு கேட்டா, சார்ஜன் சொல்லுவான், கோழிக்கிட்டயே கேட்டுக்க எண்டு."

கிளை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய மூத்த மகளுக்கு மருந்தாளர் டிப்ளோமாப் பயிற்சிக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் அவர் என் கையில் தரவில்லை. மேசைமேல் விரித்துவைத்து, காற்றில் பறந்துவிடாதபடி இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "எங்கட குடும்பத்தில மருந்து குடிச்ச ஆள்தான் ஈக்கி, மருந்து குடுத்த ஆள் இல்ல" என்றார்.

எல்லாம் இருந்தது, சேவைக்காலச் சான்றைத் தவிர. அவருடைய படைப்பிரிவை வேறொன்றுடன் இணைத்துவிட்டதால் பதிவேடுகள் வடக்கே வேறு முகாமுக்குப் போயிருந்தன. விண்ணப்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

எங்கள் கிளையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். குறையுள்ள படிவத்துக்கு நாங்கள் முத்திரை குத்துவதில்லை. குறைகளைத் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொடுத்து, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்புவோம். மாதந்தோறும் தலைமை அலுவலகத்துக்கு நிலுவைப் பட்டியல் போகும். முத்திரை குத்தாதது நிலுவையல்ல. அதனால் எங்கள் கிளை, தாமதமே இல்லாத கிளை என்று பெயர் வாங்கியிருந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிரதம இலிகிதர் எனக்குச் சொன்னார்: "தம்பி, முத்திரை குத்தினா அது எங்கட பிள்ளை. குத்தாத வரைக்கும் ஆரோ பெத்த பிள்ளை." அதைக் கொடுமையாக அவர் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுத்துப்போ என்று சொல்லும் அதே அக்கறையுடன் சொன்னார்.

சாரதி நானாவை நான் திருப்பி அனுப்பவில்லை. அவருக்கு ஒரு சலுகை செய்வதாக நினைத்துக்கொண்டேன். இத்தனை சுற்றுச் சுற்றிய பத்திரங்களை அவர் மறுபடி சுமக்கவேண்டாம், வெள்ளத்தில் நனையவேண்டாம் என்று, "இது என்னுடைய லாச்சியிலேயே இருக்கட்டும் நானா, சான்று கிடைத்ததும் அதை மட்டும் கொண்டாங்க, சேர்த்து அனுப்பிடுவோம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதுவரை என்னைச் சேர் என்று அழைத்தவர், "அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத் தரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மேசை லாச்சியை இழுத்து, படிவத்தை உள்ளே வைத்து, மூடினேன். முத்திரை மேசைமேலேயே, கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

பிறகு அவர் மாதம் ஒரு முறையாவது வந்தார். லொறிக்கு வேலை இல்லாத நாளில் வடக்கே அந்த முகாமுக்குப் போவார். திரும்பி வந்து என்னிடம் சொல்வார். "அந்த கிளாக் பொடியன் 'ஹெட்ட என்ன' எண்டு சொல்றான் தம்பி. நாளைக்கு வா எண்டு. நாளைக்கு வாறதுக்கு நான் என்ன பக்கத்து வீடா?" ஒருமுறை மகளையும் அழைத்து வந்தார். வெள்ளைப் பர்தாவில், அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றாள். "பேப்பர் பத்திரமா ஈக்கா தம்பி?" என்று நானா கேட்க, நான் லாச்சியைத் திறந்து காட்டினேன். அவர் மகளைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலத் தலையசைத்தார்.

சான்று கிடைத்தது. அவர் அதை லஞ்ச் ஷீட்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தபோது விடுவிப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடம் முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

கால நீடிப்புக்கு ஏதேனும் வழி இருக்குமா என்று தேடித்தான் அன்று முதல்தடவையாக இரும்பு அலுமாரியைத் திறந்து அந்தத் திட்டத்தின் விதிகள் அடங்கிய முழுச் சுற்றுநிருபத்தையும் எடுத்தேன். எங்கள் மேசைகளில் இருந்தது படிவமும் இணைப்புப் பட்டியலும் மட்டுமே. அவற்றைத்தான் பிரதி எடுத்து வைத்திருந்தோம், அவற்றைத்தான் மக்கள் கேட்டார்கள். சிங்களத்தில் இருந்த மூலத்தின் கடைசிப் பக்கத்தில், மூன்று வரியில், விடயம் தெளிவாக இருந்தது. அலுவலகத்தில் பெறப்பட்டு முத்திரை இடப்பட்ட நாளே விண்ணப்பித்த நாளாகக் கொள்ளப்படும். இணைப்புகளைப் பின்னர் சமர்ப்பிக்கலாம். அதாவது, ஐந்தரை மாதத்துக்கு முன், அந்தக் கோழிப் பகிடிக்கு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலையில், நான் கையை ஒரு முழம் நீட்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு அன்றைக்கே உறுதியாகியிருக்கும். நான் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதிருந்தால் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

நானாவிடம் காலம் கடந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் வலது காதை நீட்டிக் கேட்டார். கோபப்படவில்லை.

"நான் இத தந்த நாள் இண்டைக்கு இல்லையே தம்பி? அண்டைக்கே தந்தேனே. அந்த நாளைப் போட ஏலாதா?"

ஏலும். நகத்தால் பட்டியைப் பின்னே தள்ள ஒரு நிமிடம் போதும். அதைச் செய்தால் அது மோசடி. ஆனால் அந்த மோசடி சொல்வது முழு உண்மையாக இருந்திருக்கும். இன்றைய திகதியைக் குத்துவது சட்டப்படி சரி. ஆனால் அது சொல்வது பொய். இதை நான் எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். பட்டியைப் பின்னே தள்ளாததற்காக இன்றும் நான் என்னைக் குற்றம் சொல்வதில்லை. "ஏலாது நானா" என்றேன். என் குற்றம் அதற்குப் பிறகு நடந்தது.

மேன்முறையீடு செய்ய இடமிருந்தது. அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். முதல் பிரதியில், விண்ணப்பம் உரிய காலத்துக்கு ஐந்து மாதம் முன்பே என்னிடம் ஒப்படைக்கப்பட்டதென்றும், முத்திரை இடாமல் என் லாச்சியில் வைத்திருந்தது என் தவறென்றும் எழுதினேன். பிரதம இலிகிதர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உமக்கு வாற மாசம் நிரந்தரமாக்கிற கடிதம் வருது. இதை எழுதினா, கந்தோர் முழுக்க எத்தினை லாச்சியைத் திறக்கவேண்டி வரும் எண்டு யோசிச்சனீரோ?" என்று கேட்டு, அந்த இரண்டு வசனங்களையும் பென்சிலால் மெல்லிய கோடிட்டு வெட்டினார். மெல்லிய கோடுதான்; அழித்திருக்கலாம். அவை இருந்த இடத்தில் நான் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதினேன்.

கையொப்பமிட வந்த நானா கேட்டார்: "இதில என்ன எழுதி ஈக்கி?"

"தவிர்க்க முடியாத காரணத்தால பிந்திப் போச்சுன்னு."

"சரிதானே. முகாம்ல இழுத்தடிச்சது நம்மட பிழை இல்லையே." என் தவறுக்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

பதில் மூன்று மாதம் கழித்து வந்தது: காரணம் போதுமானதாகக் குறிப்பிடப்படவில்லை, நிராகரிக்கப்படுகிறது. பயிற்சி வகுப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நானாவின் மகளுக்காக ஒதுக்கி வைத்திருந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நிரந்தர நியமனம் உரிய காலத்தில் கிடைத்தது.

ஆறேழு வருடம் சென்றிருக்கும். மாத்தளைப் பக்கம் வேலையாகப் போய்த் திரும்பும் வழியில் அக்குறணையில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். தொண்டைவலிக்கு மருந்து வாங்க ஒரு பார்மசியில் ஏறினேன். டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டை நீட்டியபோது, பில் எழுதும் மேசையில் இருந்த பெண் அதை வாங்காமல், "துண்ட அந்தப் பக்கம் குடுங்க, டிப்ளோமா செஞ்ச மிஸ் பாப்பாங்க" என்றாள். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்க கண்டி ஒபிஸ்ல ஈந்த சேர்தானே?"

சுவரில் இருந்த அறிவித்தல்களை வாசித்துக்கொண்டு நின்ற பிள்ளை. வாப்பா எப்படி என்று கேட்டேன்.

"மௌத்தாகி ரெண்டு வருஷம் சேர். ஒங்களப் பத்திக் கடைசி வரைக்கும் சொல்லுவார். எல்லா ஒபிஸிலயும் பேப்பரத் திருப்பித் தந்து விரட்டினாங்க, கண்டித் தம்பி மட்டும்தான் லாச்சிக்குள்ள வெச்சிப் பாத்துக்கிட்டார் எண்டு."

நான் அவளிடம் சொன்னேன். முழுவதையும், சுற்றுநிருபத்தின் மூன்று வரியையும், பென்சில் கோட்டையும் சொன்னேன். எனக்குப் பின்னால் நனைந்த குடையுடன் ஒருவர் காத்து நின்றார். அவள் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அண்டைக்கே குத்தி இருந்தா?"

"கிடைத்திருக்கும்."

அவள் பில்லைக் கிழித்து என் முன்னே வைத்தாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.

இப்போது நான் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். முத்திரையும் புதிது, பிளாஸ்டிக் பிடி. என் மேசைக்கு வரும் எந்தக் காகிதத்தையும் வாசிப்பதற்கு முன் அதன் தலைப்பில் அன்றைய திகதியைக் குத்துகிறேன். குறைகளை அதற்குப் பிறகு பார்க்கிறேன். என் கிளையின் நிலுவைப் பட்டியல் மிக நீளமானது.